வளைகுடா விமான நிறுவனத்துக்குப் போகலாமா என்று கேட்ட துணை விமானிக்கு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 27. இந்திய நிறுவனம் ஒன்றில் ஏர்பஸ் 320 துணை விமானி. 2,400 மணி நேரம் பறந்தாயிற்று. கேப்டன் ஆவதற்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமத்தின் தேர்வுகள் பாதியில் நிற்கின்றன. உடன் படித்த இருவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு நிறுவனம் ஆள் எடுக்கிறது. எப்படி விண்ணப்பிப்பது, சிமுலேட்டர் (விமானம் போலவே இயங்கும் தரைப் பொறி) தேர்வில் எதைப் பார்ப்பார்கள், கையில் எவ்வளவு மிஞ்சும் என்று மூன்று கேள்விகள். கடைசி வரியில் மட்டும், போகிற போக்கில், "சரிப்படாவிட்டால் திரும்பி வந்துவிட முடியுமா என்று அம்மா கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டவர் அம்மாதான். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றவற்றையும் சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 2007 முதல் விமான நிறுவனங்களில் பறக்கிறேன். 2013-இல் வளைகுடாவுக்குப் போனேன், போயிங் 777-இல் துணை விமானி. 2020-இல் வேலை போய் ஊர் திரும்பினேன். இப்போது மறுபடியும் இங்கே ஏர்பஸ் 320, கேப்டன், கூடவே பயிற்சியாளர். ஆகவே வளைகுடாவைப் பற்றிச் சொல்வது பட்டறிந்தது. சீனா, வியட்நாம் பற்றி வருவதெல்லாம் அங்கே பறந்த நண்பர்கள் சொல்லக் கேட்டது. அந்த வேறுபாட்டோடு படியுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு கொடுத்த உரிமமோ, அந்த நாடு ஏற்றுக்கொண்ட உரிமமோ இருந்தால்தான் அதைப் பன்னாட்டுத் தடத்தில் ஓட்டலாம். 1944-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையிலேயே இருக்கிற விதி இது. சில நாடுகள் உங்கள் இந்திய உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு அப்படியே ஏற்றுக்கொள்ளும். மற்றவை தங்கள் விமானச் சட்டத் தேர்வு, மருத்துவம், சிமுலேட்டர் சோதனை எல்லாம் வைத்துத் தங்கள் உரிமத்தையே கையில் கொடுக்கும். இரண்டாவது வகையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த நாட்டு உரிமம் கிடைத்ததும் இந்திய உரிமத்தை மறந்துவிடுகிறார்கள். மறக்கக் கூடாது. அம்மாவின் கேள்விக்குப் பதில் அந்த அட்டையில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எந்த வகையானாலும் அந்த நாட்டு அதிகாரிகள் உங்கள் உரிமம் உண்மையா என்று, இந்தியாவில் உரிமம் வழங்கும் விமானப் போக்குவரத்து அலுவலகமான டிஜிசிஏவிடம் எழுத்தில் கேட்பார்கள். பறந்த நேரத்தைப் பதிந்து வைக்கும் லாக்புக்கைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். என் மூன்று லாக்புக்குகளில் 2009-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றின் அடிக்கூட்டல் 40 நிமிடம் பிசகியிருந்தது. அந்தப் பிசகு அடுத்த நூறு பக்கங்களுக்கும் வால் பிடித்துப் போயிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இரண்டு இரவு எல்லாவற்றையும் மறுபடி கூட்டினேன். இன்றே உங்கள் கணக்கைச் சரிபாருங்கள்.

இவ்வளவு சந்தேகம் ஏன் என்று கோபப்படுவதில் பயனில்லை. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியலைக் கொண்டு உரிமம் வாங்கிய சில விமானிகள் இந்தியாவில் கைதானார்கள். அதைவிடப் பெரிய பாடம் 2020 ஜூனில் வந்தது. பாகிஸ்தானின் விமானப் போக்குவரத்து அமைச்சர் தன் நாட்டு விமானிகள் 262 பேரின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். சில நாட்களுக்குள் வியட்நாம் தன்னிடம் உரிமம் பெற்றிருந்த 27 பாகிஸ்தானியரையும் தரையிறக்கியது. அவர்களில் ஒழுங்காகத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேரோ, அதை யாரும் முதலில் கேட்கவில்லை. வெளிநாட்டில் பறக்கும்போது நம் பெயரோடு நம் நாட்டு உரிம அலுவலகத்தின் பெயரும் சேர்ந்தேதான் வருகிறது.

அடுத்தது ஏடிபிஎல். பாதியில் நிற்கும் தேர்வுகளை முடித்து இந்திய ஏடிபிஎல்லைக் கையில் வாங்காமல் போகாதீர்கள். அதற்கு வேண்டிய 1,500 மணி நேரக் கணக்கு உங்களுக்குத் தீர்ந்துவிட்டது. ஆனால் கேப்டனின் மேற்பார்வையில் தலைமை விமானியாகப் பறந்த நேரம் என்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அதற்கு அந்தந்தக் கேப்டனின் கையெழுத்து வேண்டும். இங்கே இருக்கும்போது அது ஒரு காப்பி குடிக்கும் நேரத்து வேலை. நீங்கள் தோஹாவிலோ துபாயிலோ உட்கார்ந்துகொண்டு, நான்கு வருடம் முன்பு உங்களோடு ஒரு முறை கவுஹாத்தி போன கேப்டன் இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள், தெரியும். நான் தேடியிருக்கிறேன். ஒருவர் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் இருந்தார், இன்னொருவர் இறந்துவிட்டார்.

ஆங்கிலத் தகுதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னாட்டுப் பறப்புக்கு நான்காம் நிலை போதும், ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி தேர்வுக்கு உட்கார வேண்டும். ஆறாம் நிலை வாங்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களில் 200 மணி நேரத்தோடு புதிதாக சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் வாங்கியவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒரு குறுக்குப் பேச்சு. புதியவர்களே, உங்களுக்கு வெளிநாட்டுக் கதவு இப்போதைக்குத் திறக்காது. அனுபவமுள்ளவரை எடுப்பதற்காகத்தான் ஒரு நிறுவனம் விசா, வீடு, விமான டிக்கெட் எல்லாம் கொடுத்து வெளிநாட்டவரை அழைக்கிறது. அனுபவமில்லாதவர் அவர்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறார்கள். "பணம் கட்டினால் 500 மணி நேரம் பறக்க விடுகிறோம்" என்று வரும் அழைப்புகளில் நீங்கள் ஊழியர் அல்ல, வாடிக்கையாளர். ஆள் அனுப்பும் முகவருக்கு இந்தியச் சட்டப்படி வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பே 30,000 ரூபாயும் வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் விவாதிக்கவே வேண்டாம். அமெரிக்காவும் ஐரோப்பாவும்? அங்கே வேலை செய்யும் உரிமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஐரோப்பிய உரிமத்துக்கு 13 பாடங்கள் மறுபடி எழுத வேண்டும், எழுதி முடித்தாலும் அந்த முதல் கேள்வி அங்கேயேதான் நிற்கும்.

சிமுலேட்டருக்கு வருவோம். தானாக ஓட்டும் ஆட்டோபைலட், தானாக வேகம் காக்கும் ஆட்டோத்ராட்டில், திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டர் மூன்றையும் அணைத்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள். சக்கரம் தரையை விட்டெழும் தறுவாயில் ஒரு இன்ஜின் நிற்கும். ஏர்பஸ்ஸில் வளர்ந்த உங்களுக்குப் போயிங் சிமுலேட்டர் கொடுத்தால் முதல் பத்து நிமிடம் கை உங்கள் பேச்சைக் கேட்காது. ஏர்பஸ் தானே ட்ரிம் செய்துகொள்ளும், அதாவது மூக்கு ஏறி இறங்காமல் சமன் செய்துகொள்ளும்; இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர் வைத்த இடத்தில் நிற்கும். 777-இல் வேகம் மாறும்போதெல்லாம் நீங்கள் ட்ரிம் செய்ய வேண்டும், லீவர்கள் கண்ணெதிரே நகரும். போவதற்கு முன் சொந்தச் செலவில் இரண்டு மணி நேரமாவது வாடகை சிமுலேட்டரில் பழகிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆட்களைக் கழிப்பது பெரும்பாலும் அங்கே அல்ல. என் முதல் தேர்வில் பக்கத்து இருக்கையில் பிரேசில்காரர் ஒருவர், என்னைப் போலவே வேலைக்கு வந்தவர். ஒரு இன்ஜினோடு இறங்கிக்கொண்டிருந்தேன். என் கவனமெல்லாம் நடுக்கோட்டில். அவர் மெல்லிய குரலில் "ஸ்பீட்" என்றார். சற்றுக் கழித்து மறுபடி "ஸ்பீட்" என்றார். நான் பார்த்தேன், லீவரைச் சற்றுக் குறைத்தேன், நன்றாகவே தரையிறக்கினேன். வெளியே வந்ததும் தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பக்கத்தில் இருந்தவர் உங்களிடம் என்ன சொன்னார்?" எனக்கு நினைவில்லை. வேகத்தைத் திருத்தியது உண்மை. ஆனால் ஒரு மனிதர் என்னிடம் பேசினார் என்பதே மனத்தில் பதியவில்லை, பதில் சொல்லவும் இல்லை. அந்த நிறுவனம் என்னை எடுக்கவில்லை. ஓராண்டு கழித்து வேறொரு நிறுவனத்தில்தான் தேறினேன்.

அந்தத் தேர்வாளர் மேல் எனக்கு இன்று வருத்தமில்லை. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். கேப்டன் நம் நாட்டுக்கு ஒப்பந்தத்தில் வந்து பறந்த வெளிநாட்டவர், துணை விமானி இந்தியர். தரையிறங்க வேண்டாம், மேலேறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதாக விசாரணை அறிக்கை சொல்கிறது. இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரே காக்பிட்டில் உட்காரும்போது சொன்னது காதில் ஏறுகிறதா என்பதைத்தான் அந்த இரண்டு மணி நேரத்தில் பார்க்கிறார்கள். குழுப் பயிற்சியும் நேர்முகமும் அதே விஷயத்தை வேறு சட்டை போட்டுக் கேட்பவைதான்.

தேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். 2017 ஆகஸ்டில் டிஜிசிஏ கொண்டு வந்த விதிப்படி துணை விமானி ஆறு மாதம், கேப்டன் ஓராண்டு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். விமானிகள் சங்கங்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கின்றன. தீர்ப்பை நம்பித் தேதி குறிக்காமல், ஆறு மாதம் என்றே கணக்கு வையுங்கள். பயிற்சிக்கு ஈடாக நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தின் தொகை பாக்கி இருந்தால் அது தனி. வரிசை இதுதான்: எழுத்துப்பூர்வமான இறுதி அழைப்பு, அந்த நாட்டு மருத்துவத் தேர்வில் தேர்ச்சி, உரிமச் சரிபார்ப்பு, அதற்குப் பிறகு ராஜினாமா. என் நண்பர் ஒருவர் வாய்மொழி அழைப்பை நம்பி முதலிலேயே எழுதிக் கொடுத்தார். அங்கே மருத்துவத்தில் கண் பார்வைக் குறைபாடு ஒன்றைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் அதே கண்ணோடு பத்து வருடம் பறந்தவர். எட்டு மாதம் வீட்டில் இருந்தார்.

இனி சீனியாரிட்டி, அதாவது நிறுவனத்தில் சேர்ந்த வரிசை. எங்கள் தொழிலில் கேப்டன் பதவி, விடுமுறைத் தேதி, எந்த ஊரில் இருப்பது என எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்த வரிசை எண்தான். திறமை அதற்குப் பிறகு. நிறுவனம் மாறினால் எண் கடைசியிலிருந்து தொடங்குகிறது. நான் 2013-இல் கிளம்பியபோது என்னோடு சேர்ந்த ஒருவர் இங்கேயே தங்கினார், 2016-இல் கேப்டன் ஆனார். நான் 2020-இல் வேலை இழந்தபோது கேப்டன் ஆவதற்கான கமாண்ட் பயிற்சிக்கு என் பெயர் வர நான்கைந்து மாதம் இருந்தது. ஊர் திரும்பி மறுபடி துணை விமானியாக உட்கார்ந்தேன், 2023-இல்தான் கேப்டனின் இடப்பக்க இருக்கைக்கு வந்தேன். ஏழு ஆண்டில் சென்னையில் வீட்டுக் கடன் முடிந்தது என்பதும் உண்மைதான். அந்த வீட்டின் ஹாலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

2020-ஐக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் விமானங்களெல்லாம் வரிசையாக நின்றன, இன்ஜின் வாய்களில் சிவப்பு உறை. சம்பளம் குறைந்தது. ஜூலையில் ஒரு காணொளிக் கூட்டம், பன்னிரண்டு நிமிடம். கூட்டம் முடிவதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. ஊரில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். அங்கே குடியிருப்பு அனுமதி வேலையோடு பிணைந்திருக்கிறது. வேலை போன நாளிலிருந்தே வீடு, மகளின் பள்ளி, கார் எல்லாவற்றுக்கும் நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால் நாட்டை விட்டுக் கிளம்பவே முடியாமல் போகலாம். காரை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்றேன். வளைகுடாவில் மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த அக்டோபரில் ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் 5,900 பேரை நீக்கித் தன் துணை நிறுவனமான கேத்தே டிராகனையே மூடியது. அதுவரை உலகிலேயே அதிகச் சம்பளம் கொடுத்து வெளிநாட்டுக் கேப்டன்களை அழைத்துக்கொண்டிருந்த சீன நிறுவனங்களில் இருந்த என் நண்பர்கள் மூவரும் அதே ஆண்டு வெளியே வந்தார்கள்.

நியாயமாகச் சொன்னால் சொந்த ஊரும் கோட்டை அல்ல. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில். ஆனால் ஜெட் நின்ற மறுநாள் அதன் விமானிகளின் பிள்ளைகள் அதே பள்ளிக்குத்தான் போனார்கள்.

திரும்பி வருவது முடியுமா என்ற கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன். முடியும், ஆனால் அந்த வழியைப் போகும்போதே போட்டு வைக்க வேண்டும். ஏழு வருடமும் விடுமுறையில் சென்னை வந்த மறுநாள் காலை நான் வெறும் வயிற்றோடு டிஜிசிஏ மருத்துவத்துக்குப் போய்விடுவேன். என் அம்மா இட்லியை மூடி வைத்துவிட்டு, "அங்கே பார்த்த டாக்டர் போதாதா" என்பார். போதாது. அங்கத்திய மருத்துவச் சான்று இங்கே செல்லாது. இந்திய உரிமத்தைக் காலாவதியாக விடவில்லை, 777 ஓட்டும் தகுதியையும் அதில் பதிந்துகொண்டேன். அப்படியும் திரும்பியபோது ஏர்பஸ் 320-ஐத் தொட்டு ஏழு வருடம் ஆகியிருந்ததால் மறுபயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. உரிமத்தைக் கவனிக்காமல் விட்ட ஒருவர் என்னோடு ஒரே விமானத்தில் வந்து இறங்கினார். நான் சிமுலேட்டரில் இருந்தபோது அவர் இன்னும் விண்ணப்பப் படிவங்களோடு அலைந்துகொண்டிருந்தார்.

எந்த விமானத்துக்கு எடுக்கிறார்கள் என்பதும் இதே கணக்கில் வருகிறது. ஏர்பஸ் 380 அருமையான விமானம். ஆனால் எந்த இந்திய நிறுவனத்திடமும் அது இல்லை, 2021-க்குப் பிறகு புதிதாகச் செய்வதும் இல்லை. அதன் அனுபவத்தோடு திரும்புபவர் பெரிய விமான மணி நேரங்களைக் காட்டலாம், நேரே அமர இருக்கை இருக்காது. 777-ஐச் சொந்த விமானிகளைக் கொண்டு ஓட்டும் இந்திய நிறுவனம் ஏர் இந்தியா ஒன்றுதான். போயிங் 787 அங்கே இருக்கிறது, ஏர்பஸ் 350 அங்கே 2024 முதல் பறக்கிறது, இண்டிகோவும் 350 வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் வாங்கிய தொகை இன்றைய தொகை அல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அங்கத்திய சட்டப்படியான பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். இந்திய வரியில் வெளிநாடு வாழ் இந்தியராக இருக்க ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருக்க வேண்டும் என்பது பொது விதி. இந்தியாவில் வாடகை, வட்டி என்று 15 லட்சத்துக்கு மேல் வருமானம் இருந்தால் கணக்கு மாறும், ஆடிட்டரைக் கேளுங்கள். தனியாகப் போகிறவருக்கு மிஞ்சுவது அதிகம். இரண்டு பிள்ளைகளோடு போகிறவர் கல்விப்படி எந்த வகுப்பு வரை, எவ்வளவு என்று பார்க்காமல் சம்பளத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார். ஒரு சின்ன எச்சரிக்கை: கோடீன் கலந்த இருமல் மருந்து, வலி மாத்திரை எதையும் ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அங்கே அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து.

உங்கள் இடத்தில் நான் இருந்தால்? இது கணிப்பு மட்டுமே. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவ்வளவும் வந்து சேர ஆண்டுகள் ஆகும், வரும் ஒவ்வொன்றுக்கும் கேப்டன்கள் வேண்டும். இங்கே உங்களுக்குக் கமாண்ட் நெருங்குகிறது என்றால், அதை முடித்து, கேப்டனாகச் சில நூறு மணி நேரம் சேர்த்துக்கொண்டு போவதையே நான் தேர்ந்தெடுப்பேன். கேப்டனாகப் போகிறவருடன் பேசும் தொனியே வேறு. உங்கள் நிறுவனத்தில் வரிசை நகரவே இல்லை, வீட்டில் கடன் நெருக்குகிறது என்றால் இப்போதே போவதிலும் தவறில்லை. உங்கள் வரிசை எண்ணும் கடனும் உங்களுக்குத்தான் தெரியும்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சம்பளப் பக்கத்தை விட்டுவிட்டு மூன்று இடங்களைத் தேடுங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பில் அவர்கள் உங்களை அனுப்பலாம், முன்னதாக விலகினால் பயிற்சிச் செலவில் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், மருத்துவக் காரணத்தால் உரிமம் போனால் யார் எவ்வளவு கொடுப்பார்கள். மூன்றும் தெளிவாக எழுதப்படாமல் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தப் பக்கம், வரும் தேர்வுச் சுற்றிலேயே ஏடிபிஎல் பாக்கித் தாள்களுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.